தொண்ணூற்றொன்றும் பச்சை

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று கோகிலவாணி நினைத்தாள். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. கண் எரிச்சல், கழுத்தில் ஆணி அடித்த மாதிரி வலி. பேருக்கு, சொந்த ஊரான இண்டூரில் வீட்டில் இருந்தே வேலை. தெருவில் கேட்டால், "அதுக்கென்ன, ஃபேன் காத்துல உக்காந்து சம்பளம் வாங்குது" என்பார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. டெஸ்டர். பதினோரு வருடமாக அதுதான். முதல் ஆறு வருடம் பெங்களூரில் லேடீஸ் ஹாஸ்டலில் கிடந்தாள். வார முடிவில் பஸ் ஏறி வருவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவாள். மகள் பாரதி நடை பழகியதைப் போனில்தான் பார்த்தாள். கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்கு விரட்டியபோது, இவளுக்கு மட்டும் அது நல்லதாகப் போயிற்று. பிறகு கம்பெனி எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டது. டீம் லீட் சவுரியப்பன் மேலே பேசி இவளை ஊரிலேயே இருக்க விட்டார். "ஒரு பெரிய தப்பு வெளிய போச்சுன்னா அப்புறம் என்னால பேச முடியாதும்மா" என்று அன்றைக்கே சொல்லியும் விட்டார்.

கம்பெனி செய்வது சொட்டுநீர்ப் பாசனத்துக்கான மென்பொருள். நிலத்தில் புதைத்த சென்சார் ஈரம் பார்க்கும். காய்ந்திருந்தால் மோட்டார் ஓடும், நனைந்திருந்தால் நிற்கும். உள்ளே ஈரம் படிக்கிற பாகம் தனி, மோட்டாரைப் போடுகிற பாகம் தனி. எந்தப் பாகமும் தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகாது. நடுவில் ஒரு ஃபிரேம்வொர்க் உட்கார்ந்திருக்கிறது, கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியை வைத்திருக்கிற ஆள் மாதிரி. ஈரம் படிக்கிற பாகம் ஒன்று வேண்டும் என்று கேட்டால், அந்த வகையில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வேறு வகையை யாராவது அங்கே திணித்தால் கத்த வேண்டும்.

அந்த ஃபிரேம்வொர்க்கில் புதுப் பதிப்பு வந்திருந்தது. கேட்ட வகைதான் கிடைக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்துப் பார்த்தாள். ஈரம் படிக்கிற இடத்தில் மோட்டார் சுவிட்சை வைத்தாள், கத்தியது. ஒன்றுமே வைக்காமல் விட்டாள்; அதற்கும் கத்தியது. இப்படித் தொண்ணூற்றொரு சோதனை; தேறினால் திரையில் பச்சை விழும், இல்லாவிட்டால் சிவப்பு. தொண்ணூற்றொன்றும் பச்சை. ஆறு மணிக்குள் 'சரி' என்று எழுதி அனுப்பினால் திங்கட்கிழமை முன்னூறு தோட்டங்களுக்குப் போகும். வெள்ளோட்டமாக, காரிமங்கலம் பக்கம் கிருஷ்ணப்பனின் தக்காளித் தோட்டத்தில் மட்டும் புதன்கிழமையே போட்டிருந்தார்கள்.

படுக்கப் போகிற நேரத்தில் கிருஷ்ணப்பனே போன் செய்தார்.

"ஏம்மா கோகிலா, நான் கடல்ல இருந்து தண்ணி எடுக்கறேன்னு உங்க பொட்டி நெனச்சிக்கிச்சா?"

"என்னாச்சுங்கண்ணா?"

"நேத்து மத்தியானம் நல்ல மழ. நெலம் சேறாக் கெடக்குது. மோட்டாரு நிக்கவே மாட்டேங்குது. கரண்டு வந்தா ஓடுது, போனா நிக்குது. இத எங்க பழைய ஆட்டோ ஸ்டார்ட்டரே பண்ணுமே, நீங்க எதுக்கு?"

"போர்ல தண்ணி?"

"காத்து வாங்குது. ஆயிரத்து நூறு அடி போட்ட போரு. நாந்தான் ஓடிப் போயி பீஸ் கட்டையப் புடுங்கிட்டு வந்தேன். வத்திப் போச்சுன்னா நீ வந்து தோண்டுவியா?"

அவள் அந்தத் தோட்டத்தின் பதிவுகளைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மோட்டாருக்கு ஈரம் சொல்லிக்கொண்டிருந்தது சென்சார் இல்லை. இவள் எழுதிய டம்மி.

சென்சார் இல்லாமலே சோதித்துப் பார்க்க ரெண்டு வருடம் முன்னால் எழுதியது; வேலை முடிந்ததும் எடுக்காமல் உள்ளேயே விட்டிருந்தாள். எப்போது கேட்டாலும் அதற்கு ஒரே பதில்தான்: காய்ந்திருக்கிறது. அப்படி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நிலம் எப்படி இருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்? கை தானாக எழுதிவிட்டது. மழை கொட்டுகிற ஊர்க்காரி எழுதியிருந்தால் நனைந்திருக்கிறது என்று போட்டிருப்பாள், மோட்டாராவது நின்றிருக்கும்.

கிருஷ்ணப்பன் தோட்டத்தில் இருப்பது புதுச் சென்சார். அதைப் படிக்கிற பாகத்தை ஃபிரேம்வொர்க்கின் பட்டியலில் சேர்க்காமல் யாரோ விட்டிருக்கிறார்கள். ஃபிரேம்வொர்க் தேடியிருக்கிறது, அதே வகையில் டம்மி கையில் அகப்பட்டது, கொடுத்துவிட்டது. வகை சரிதானே. இவள் சோதனைகளும் வகையை மட்டும்தான் பார்த்தன. வந்தது அசலா டம்மியா என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த புருஷன் முனிராஜ் டீ டம்ளரை வைத்தான். "என்ன, பேயறஞ்சாப்ல உக்காந்திருக்க?"

சொன்னாள்.

"பட்டியல்ல விட்டது யாரு?"

"அது வேற ஆளுங்க."

"அப்ப அவன் தலையில போட்டுட்டுப் போ. உன்னுதுதான் எல்லாம் பச்சையாச்சே."

"டம்மிய உள்ள விட்டது நாந்தான். புடிக்க வேண்டியதும் நாந்தானுங்க."

"சொன்னா திரும்பப் பெங்களூருக்கே கூப்ட்டுக்குவாங்க, தெரியுமில்ல?"

"தெரியாமயா?"

டீ ஆறியது. டம்மியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு 'சரி' என்று எழுதிவிடலாம்தான். பட்டியல்காரனைக் காட்டிக்கொடுத்தால் அதோடு முடிந்தது. ஆனால் நாளைக்கு இன்னொருத்தி இன்னொரு டம்மி எழுதுவாள். அதையும் இந்தத் தொண்ணூற்றொன்றும் பச்சை என்றே சொல்லும். கோகிலா தொண்ணூற்றிரண்டாவது சோதனையை எழுதினாள்: வகை சரியாக இருந்தாலும் டம்மி வந்தால் கத்து. ஓட்டினாள். சிவப்பு. சவுரியப்பனுக்குப் போன் போட்டாள்.

"யாரோட டம்மிம்மா அது?"

"என்னுதுதான் சார்."

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா உங்களுக்காகச் சண்ட போட்டிருப்பேன். நீங்களே வந்து சொன்னா நான் என்னத்தப் பேசறது?"

"பேச வேணாங்க சார். மொதல்ல திங்கக்கெழம அனுப்பறத நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். திங்கக்கெழம ஆபீசுக்கு வரச் சொல்லுவாங்க. எத்தன மாசம்னு எனக்கே தெரியாது."

"சரிங்க சார்."

அடுத்துக் கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது, பெட்டியைக் கழற்றிவிட்டுக் கையாலேயே மோட்டார் போடுங்கள் என்றாள். அவர் திட்டவில்லை. "ரெண்டு நாள் பாக்கறேன் கண்ணு, போர்ல தண்ணி ஊறுதா இல்லயான்னு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முனிராஜ் பரணில் ஏறி, அவள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோன பெரிய பையை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தான். பாரதி பள்ளிக்கூடம் விட்டு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் கோகிலா அப்படியே தரையில் சாய்ந்தாள்.