அக்கா அடைத்த நான்கு துளைகள்

எழுபதுகளின் கடைசியில் நான் மலைச்சாலையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தேன். செண்பகனூருக்குக் கீழே ஒன்பது கிலோமீட்டர் என் பொறுப்பு. எந்த வளைவில் மண் சரிந்தது, எத்தனை லாரி அள்ளினோம், மழை எத்தனை மணிக்கு விட்டது, எல்லாம் என் டைரிகளில் இருக்கின்றன. அவற்றில் உள்ளதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

இந்த மலை முழுக்கக் கெட்டிப் பாறை என்று கீழிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். பாறைதான், ஆனால் அதன்மேல் பத்தடி, பதினைந்தடிக்குச் செம்மண் போர்த்தியிருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் பாறையாக இருந்து, வெயிலிலும் மழையிலும் உளுத்து மண்ணானது. ஐப்பசி மழை அந்த மண்ணுக்குள் இறங்கும். அடியில் பாறை தடுத்ததும் அங்கேயே தேங்கும். பிறகு மேல்மண் வழுக்கத் தொடங்கும். எங்கள் வேலையில் பாதி அந்தத் தண்ணீருக்கு வழிவிடுவதுதான்.

அப்படி வழிவிட்டு ஒரு வளைவில் நாங்கள் கட்டிய கருங்கல் சுவர் முப்பத்தாறடி நீளம், பதினோரடி உயரம். தண்ணீர் வடிய அதில் பதினொரு துளைகள். சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் கடைக்கார அக்காவும் அவர் கணவரும் இரண்டு சின்னப் பெண்களும் குடியிருந்தார்கள். சுவர் சாய்ந்தால் முதலில் போவது அந்த அறைகள்தான்.

மழைக்காலத்தில் தினமும் காலையில் எந்தெந்தத் துளையில் தண்ணீர் வருகிறது என்று குறிப்பேன். ஒரு வருடம் மழை பிடித்த ஐந்தாம் நாள், கடைப்பக்கத்து நான்கு துளைகள் மட்டும் காய்ந்திருந்தன. மற்ற ஏழும் ஊற்றின. ஆறாம் நாளும் அப்படியே. ஏழாம் நாள் சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சுவரின் நடுப்பகுதி, ஆனியில் அளந்ததைவிட முக்கால் அங்குலம் முன்னே வந்திருந்தது.

அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். "என்ன ஓவர்சியரய்யா, சுவத்துக்குச் சட்டை தைக்க அளவெடுக்குறீங்களா?"

நான் ஓவர்சியர் இல்லை என்று அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"இந்த நாலு ஓட்டையில ஏன் தண்ணி வரல?"

"நாந்தான் அடைச்சேன். சாக்கைத் திணிச்சு மேல களிமண்ணு பூசிட்டேன். அடுப்படியெல்லாம் ஒரே சகதிங்க. ஈரம் ஊறித்தான சுவரு விழுகும்? இப்பப் பாருங்க, எப்படிக் காஞ்சு கெடக்குன்னு. பிள்ளைகள நிம்மதியாப் படுக்க வைக்கிறேன்."

வீட்டுச் சுவரை ஈரம் கெடுக்கும், ஆகவே மலைச்சுவரையும் கெடுக்கும் என்று இங்கே பலரும் நினைப்பதுதான். பூச்சு அவ்வளவு சுத்தமாக இருந்தது. துளைக்குள் ஆழமாகப் பூசியிருந்ததால், வெளியிலிருந்து பார்க்க வெறும் காய்ந்த துளையாகவே தெரிந்தது. அதன் பின்னால் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கணக்குப் போடவே எனக்குப் பயமாக இருந்தது.

எல்லோரையும் சாலையின் மறுபக்கம் போகச் சொன்னேன். அக்கா நகரவில்லை.

"அடுப்புல பாலு இருக்குங்க."

என் மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். "பாலு பொங்குனா தொடச்சுக்கலாங்க்கா. மலை பொங்குனா என்ன செய்வீக? வெரசா வாங்க."

ஓரமாக நின்று, நீளக் கம்பியால் மேஸ்திரி முதல் சாக்கை இழுத்தார். காப்பி நிறத் தண்ணீர் பெஞ்சைத் தாண்டிப் போய் விழுந்தது. நான்கையும் திறந்தபோது அடுப்பு அணைந்துவிட்டது.

"ரொம்ப நல்லதுங்க ஓவர்சியரய்யா," என்றார் அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து. "அப்படியே பாத்திரத்தையும் கழுவிட்டுப் போங்க."

இரண்டு மணி நாற்பது நிமிடம் கலங்கலாகவே வந்தது. பிறகு தெளிந்தது. கலங்கல் வரும்வரை மண்ணும் சேர்ந்து வெளியேறுகிறது என்று பொருள். தெளிந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மூன்று நாள் அந்தக் குடும்பத்தை எங்கள் சாமான் கொட்டகையில் தங்கவைத்தேன். இரண்டாம் நாள் மழை வலுத்து, இருநூறு கஜம் கீழே சுவரில்லாத சரிவு மரங்களோடு சாலையில் இறங்கியது. பஸ்கள் நின்றன. எங்கள் சுவரைக் காலையும் மாலையும் அளந்தேன். முக்கால் அங்குலத்துக்கு மேல் ஒரு நூல்கூட நகரவில்லை.

துளை விட்ட நான், தண்ணீர் அக்காவின் அடுப்படியில் விழும் என்று யோசித்திருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது. டைரியிலும் அப்படித்தான் எழுதினேன். மழை விட்டதும் சுவரடியில் கல் பாவிய வாய்க்கால் ஒன்று வெட்டி, தண்ணீரைக் கடைக்குள் வராமல் சாலையோரம் திருப்பினோம். அதன்பின் அவர் எதையும் அடைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அக்காவின் மூத்த பெண்ணுக்கு அங்கேயே கல்யாணம். ஐப்பசி மாதம், நல்ல மழை. பந்தலைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வத்தலக்குண்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், துளைகளில் கொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பந்தலை வேறு பக்கம் மாற்றலாமே என்றார்கள்.

"எங்கிட்டு மாத்துறது?" என்றார் அக்கா. "இந்த ரோட்டுலயே கெட்டியான எடம் இதுதாங்க. நாற்காலிய இப்படி வரிசையாப் போடுங்க."

அவர் சொன்னதை அன்றைய டைரியில் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துதான் தாலி கட்டுவதைப் பார்த்தேன்.