கட்டுமரத்துமேல அண்ணன் கை

அண்ணே, இன்னிக்கு உன் படத்துக்குப் பூ மாத்தினேன். படம்னா உன் மூஞ்சி இல்ல. எண்ணூர் முகத்துவாரம். ஒரு கட்டுமரம், கொஞ்சம் தண்ணி, பாதிக்கு மேல வானம். வூட்டுக்கு வர்றவங்க மாலையப் பாக்கறாங்க, கடலப் பாக்கறாங்க, இன்னா கேக்கறதுன்னு தெரியாம ஒக்காந்துடறாங்க.

ராயபுரத்துல பாதி பேரு கல்யாணத்த நீதான் படம் புட்ச்ச. உன்ன ஒருத்தரும் புடிக்கல. ஸ்டுடியோல வேல செய்ற ஆளு, எப்ப வேணா எடுத்துக்கலாம்னு நாங்களும் வுட்டுட்டோம்.

ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சா, மொதலாளி கேமராவக் கேட்டு வாங்கிகினு முகத்துவாரக்குப்பம் போய்டுவ. எடுத்த ஃபிலிமக் கழுவி, பிரிண்டு போட்டு என்கிட்ட குடுப்ப. கருப்பு வெள்ளப் படத்துக்குப் பஞ்சால கலர் தடவறது என் வேல. நான் வானத்துக்கு எப்பவும் நீலந்தான் அடிப்பேன். காலண்டர்ல அப்டித்தானே கீது? நீ கத்துவ. எண்ணூர்ல எங்கடி நீலம் கீது, அங்க நிக்கறவன் மனசு எப்டி கீதோ அதான் வானத்துல வரணும்னுவ. மனசு இன்னா கலர்னு சொல்லு, அத்தயே அடிக்கறேன்னு நான் வம்புக்கு இழுப்பேன்.

இந்தப் படத்த நீ போட்ட அன்னிக்கு நான் உனக்குச் சோறு எடுத்துகினு ஸ்டுடியோக்கு வந்தேன். இருட்டு ரூம்ல செவப்பு பல்பு எரிஞ்சிகினு இருந்துச்சி. பிரிண்டு போடற மிசின்ல மேலேர்ந்து வெளிச்சம் பேப்பர்ல உழும். எவ்ளோ நேரம் உழுதோ அவ்ளோ கருக்கும். வானம் கருக்கணும், கட்டுமரம் கருக்கக் கூடாது. அதுக்காவ கட்டுமரத்துமேல கைய நீட்டி வெளிச்சத்த மறச்சிகினு, கைய லேசா ஆட்டிகினே இருந்த. ஆட்டாம வுட்டா கை அச்சு அப்டியே வெள்ளையா நின்னுடும்னு நீதான் சொல்லிக் குடுத்த.

நான் சும்மா இருந்தனா?

"இன்னாண்ணே, சாமியார் மாதிரி கட்டுமரத்துக்கு ஆசீர்வாதம் பண்றியா?"

நீ சிரிச்ச. கை நின்னுபோச்சி.

மருந்துத் தண்ணில பேப்பரப் போட்டதும் மொதல்ல வானம் வந்துச்சி, மழ வர்றதுக்கு முன்னாடி இருக்கற மாதிரி. அப்பறம் கட்டுமரத்துமேல நாலு வெரலு, வெள்ளையா. கலீஜ் பண்ட்டியேடின்னு தலைல குட்டின. பேப்பர் தீந்துபோச்சி, அடுத்த வாரம் வேற போடலாம், இத்தத் தூக்கிப் போட்டுடுன்ன. கலர் பழகிக்க ஆவும்னு நான் பொட்டில வெச்சிகினேன். அடுத்த வாரம் நீ மஞ்சக் காமாலைல படுத்துட்ட. எழுந்திருக்கவே இல்ல.

உன்ன அடக்கம் பண்ணிட்டு வந்து, எம்புள்ள படம் ஒண்ணு குடுங்கன்னு அம்மா எல்லாரையும் கேட்டுது. யார்கிட்டயும் இல்ல. மூணாம் நாளு பொட்டியத் தொறந்து நான் இத்த எடுத்துக் குடுத்தேன். அம்மா தன் வெரல அந்த வெள்ள வெரலுமேல ஒவ்வொண்ணா வெச்சிப் பாத்துது. இத்தயே மாட்டுன்னுச்சி.

ஃபிரேம் போட மொதலாளிகிட்ட எடுத்துகினு போனேன். நல்ல மனுசன். கட்டுமரத்துல தேமல் மாதிரி கீதேம்மா, புள்ளி வெச்சா மறஞ்சிடும்னு சின்ன பிரஷ்ஷ மைல தொட்டுட்டாரு. நான் அவரு கையப் புட்ச்சிட்டேன்.

"வேணாம் மொதலாளி. அது அண்ணன் கை."

பிரஷ்ஷக் கழுவி வெச்சிட்டு, கண்ணாடி வெட்டறேன்னு உள்ள போனாரு. ரொம்ப நேரம் வெளிய வரல.

வானத்துக்கு நான் நீலம் அடிக்கலண்ணே. வெரலுக்கு மட்டும் உன் நெறம் குடுக்கலாம்னு ஒரு நாளு குச்சில பஞ்சு சுத்தினேன். கலரும் கலக்கினேன். ஆனா உன் கை சரியா இன்னா நெறம்னு நெனப்பு வரல. மருந்துல ஊறி நகமெல்லாம் பழுப்பா இருக்கும், அது மட்டும் வந்துச்சி. பஞ்சக் கீழ வெச்சிட்டேன்.

இத்தப் படிக்கறவங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் பரவால்ல. எங்க அண்ணனுக்காவ ஒரு நிமிசம் வேண்டிக்குங்க. எண்ணூர் பக்கம் போனீங்கன்னா, அங்க தண்ணிகிட்ட நின்னு வேண்டிக்குங்க.