சாம்பல் நிறப் பட்டை

என் அம்மா ஒச்சம்மாள், கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், பதினொரு வருடம் ஒரு பிரெஞ்சு சர்வதேசப் பள்ளியில் ஆயா வேலை பார்த்தார். பள்ளியின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை.

அங்கே மழலையர் வகுப்பில் ஓர் ஆளுக்கு ஒரு மொழிதான். கையில் நீலப் பட்டை கட்டிய ஆசிரியை பிரெஞ்சு மட்டும் பேசுவார். சிவப்புப் பட்டை என்றால் ஆங்கிலம். ஆயாக்களுக்குச் சாம்பல் நிறப் பட்டை. அவர்கள் குழந்தைகளிடம் பேசவே கூடாது. மூக்குத் துடைக்கலாம், கால் கழுவிவிடலாம், ஊட்டிவிடலாம். வாய் திறந்தால் குழந்தைக்கு மொழி குழம்பிவிடுமாம். நான் லிஃப்ட் டெக்னீஷியன். சோதித்துப் பார்க்காததை விதியாக எழுதுகிறவனை எங்கள் தொழிலில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மா பேசினார். கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தமிழில்.

போன செப்டம்பரில் சேர்ந்த பிரெஞ்சுக்காரக் குழந்தை ஒன்று இரண்டு மாதம் பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு, பெற்ற தாயைப் பார்த்து, "போதும்டி" என்றது. மறுநாள் காலையே புகார் வந்தது.

கூட வேலை பார்த்த ஷீஜா, மறுத்துவிடச் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, ஞான் அல்லன்னு பற. ஆரு கண்டு?"

"இந்த வகுப்புல தமிழச்சி நான் ஒருத்திதான். பின்னே பூனையா பேசுச்சு?"

தலைமை ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார். ஆபீஸ் கிளார்க் கேசவ் அதைத் தமிழில் சொன்னார்.

"பேசினேன் சாரே. பிள்ளை அழுவுது. கையக் கால ஆட்டி அழுகைய நிறுத்துற வித்தை மேடத்துக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லித் தரச் சொல்லுங்க."

கேசவ் திரும்பி, "சாரி சொல்றாங்க மேடம்" என்றார், ஆங்கிலத்தில். தலைமை ஆசிரியையின் முகம் தெளிந்தது. அதோடு முடிந்திருக்கும்.

"நான் எங்க சாரி சொன்னேன்? ஒழுங்காச் சொல்லுங்க சாரே!"

கேசவ் ஒழுங்காகச் சொன்னார். மதியத்துக்குள் பட்டையை அவிழ்த்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

"அந்தாளு சொன்னதோட வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று வீட்டில் நான் கத்தினேன். அதன்பின் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஏப்ரலில் மாரடைப்பு.

பள்ளியிலிருந்து மலர்வளையம் வந்தது. ரிப்பனில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஏதோ அச்சடித்திருந்தார்கள். படிக்கவில்லை. கொண்டுவந்த டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தேன். செத்த வீட்டில் இப்படிச் செய்யலாமா என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள்.

செய்யலாம். அன்று வீட்டில் நானும் கேசவ் பக்கம் நின்றவன். அம்மாவுக்காக நான் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.