கம்பெனிச் சேலை

ராஜாமணியக்கா போய்விட்டார். நேற்று காலையில்... தூக்கத்திலேயே.

கேரள எல்லைக்குள், வேலந்தாவளத்தில் என் பேக்கரிக்குப் பின்னால் குடியிருந்த பழைய நாடக நடிகை. கறுப்பு வெள்ளைப் படங்களிலும் தலைகாட்டியவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள்... கதாநாயகிக்குப் பின்னால் குடத்தோடு நிற்பாரே, அவர்தான்.

அழுது முடித்துவிட்டேன். இப்போது அப்பாடா என்றிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மத்தியானம் பேக்கரி டிவியில் பழைய படம் ஓடினால் டீயோடு வந்து உட்கார்ந்துவிடுவார். "கண்ணச் சிமிட்டாதீங்க அம்மிணி... இதா வரப்போறன்... வந்துட்டன்... அவ்வளவுதான், போயிட்டன்!" தானே கமெண்ட்ரி சொல்லித் தானே சிரிப்பார்.

கோடம்பாக்கத்தில் 'மலையாளத்துப் பொண்ணு' என்று சான்ஸ் கொடுக்கவில்லை. இங்கே வந்தால் 'தமிழ் நாடகக்காரி' என்று வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஒரே ஒரு படத்தில் குளோசப். அதுவும் பிணமாக! அண்ணனாக நடித்தவர் பொறந்த ஊட்டுக் கோடி போர்த்துகிற சீன். பெண் செத்தால் பிறந்த வீட்டார் கடைசியாகக் கொண்டுவருகிற புதுச்சேலை... நம் பக்கம் அது வராமல் பாடையைத் தூக்க மாட்டார்கள்.

"மூக்கு மேல ஈ உக்காந்துட்டுதுங்க. நான் அசையலையே! ஷாட் முடிஞ்சுது, கம்பெனிக்காரன் வந்து சேலைய உருவிட்டுப் போயிட்டான்."

அப்புறம் குரல் இறங்கிவிடும். "நெசத்துல எனக்கு ஆரு போடுவாங்க அம்மிணி?"

நாடகத்துக்குப் போனவள் என்று நல்லேப்பிள்ளியில் பிறந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பெற்றவர்கள் போன பிறகு தம்பியும் திறக்கவில்லை.

ஒருதரம் அந்த ஊர்த் திருவிழாவிலேயே நாடகம். அக்கா மேடை ஏறியதும் முன்வரிசையில் இருந்த தம்பி எழுந்து போய்விட்டாராம். "அன்னைக்கு அழுகற சீனு அம்மிணி. நெசமாலுமே அழுதுபோட்டன். கைத்தட்டு நிக்கவே இல்ல!"

கேட்ட நாளிலிருந்து அந்தத் தம்பி மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம். இருந்தாலும் நேற்று போன் போட்டேன். "உங்கக்கா தவறிட்டாங்க. கோடிக்குக் காத்திருக்கறமுங்க." கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வெயில் ஏறியது. வார்டு மெம்பர் வந்து, "சேச்சி, நேரமாயி கேட்டோ" என்று அவசரப்படுத்தினார்.

பக்கத்து வீட்டம்மா என் காதோடு, "நீங்களே ஒரு சேலை எடுத்தாந்து போத்தீருங்க. ஆரு கேக்கப்போறாங்க?" என்றார்.

வந்ததே கோபம் எனக்கு. "செத்த பொறகுமா டூப்பு? ஒரிஜினல் வரட்டும்!" கத்திவிட்டேன். கண் மட்டும் தெருமுனையிலேயே... வராமலே போய்விட்டால்?

வந்தார்.

ஆட்டோவிலிருந்து இறங்கவே மருமகள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையில் பச்சைச் சேலை. "ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க. எங்கூட்டுக் கோடி" என்றார். தெருவுக்கே கேட்டது. கூட்டம் விலகியது. குனிய முடியாமல் குனிந்து தன் கையாலேயே போர்த்தினார்.

"எங்கக்காளுக்குப் பச்சைன்னா உசுருங்க." என்னைப் பார்த்துச் சொன்னார்.

இத்தனை வருஷம் பழகி எனக்கு அது தெரியாது.

திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதோ... ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

ராஜாமணியக்கா... ஈ உட்காராமல் கடைசி வரைக்கும் நான் விசிறிக்கொண்டே இருந்தேன். சேலையை யாரும் உருவவில்லை. போர்த்தியபடியேதான் போனீர்கள்.

போயிட்டு வாங்கக்கா.