மடக்குப் பலகை

கண்டக்டர் முருகையாவின் இருக்கையைப் பறித்தவன் நான். பறித்தேன் என்பதுகூட முழு உண்மையல்ல... சரியென்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். பறித்திருந்தால் அவன் என்னோடு சண்டையாவது போட்டிருக்கலாம்!

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். ராயகிரியில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன். பிறகு கோயம்புத்தூர், கரூர் என்று பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் கிடந்தேன். சோறில்லாத நாட்கள் இருந்தன, யாருக்குத்தான் இல்லை? எழுபதுகளின் கடைசியில் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு பட்டறை. அங்கே நான்தான் பஸ்ஸை வரைகிறவன். எந்த சீட் எங்கே, எந்த ஜன்னல் எவ்வளவு என்று தீர்மானிப்பது என் வேலை.

காகிதத்தில் வரைந்தால் யாருக்கும் விளங்காது. ஆகவே பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் பஸ்ஸை முழு அளவில் வரைவேன். பஸ் முதலாளி, டிரைவர், கண்டக்டர் மூவரும் கோடுகளுக்குள் நடந்து பார்த்துச் சரி என்ற பிறகே தகட்டை வெட்டுவோம்.

அதில் ஒரு வித்தையைக் கற்றுவைத்திருந்தேன். மூவரும் கூடுவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துவிடுவேன். டீ வாங்கிக் கொடுத்துப் பேச விடுவேன். யாருக்கு என்ன ஆசை, யாருக்கு யாரிடம் பயம்... இது தெரிந்துவிட்டால் போதும், கூட்டம் வெறும் சடங்கு!

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஓட ஒரு பஸ் கட்ட வந்தது. எனக்கு அதில் ஓர் ஆசை. ஜன்னல்கள் அகலமாக இருக்க வேண்டும், உட்கார்ந்தபடியே மலை முழுதும் தெரிய வேண்டும். முதலாளி முகம் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் காட்டினால் ஜன்னலைப் பற்றிப் பேசலாம் என்றார்.

இடம் ஒன்றுதான் இருந்தது. பின்வாசலை ஒட்டிய கண்டக்டர் இருக்கை.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் முருகையாவுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தேன். கடையத்துக்காரன், என்னைவிட இளையவன். காக்கிக் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்து, முறுக்கிக் கிடந்தன.

"நின்னா உசுரு போவுது அண்ணாச்சி. உக்கார ஒரு எடம் மட்டும் நல்லா வச்சுத் தாங்க. காலு இப்படின்னு மொதலாளிக்குத் தெரியப்படாது, வேலைய விட்டு அனுப்பிருவாவ."

வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு இன்னொன்றையும் மனத்தில் குறித்துக்கொண்டேன்... முதலாளி முன்னால் இவன் தன் இருக்கைக்காக வாய் திறக்கமாட்டான்!

அந்த இருக்கைக்குப் பதிலாகக் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை செய்தேன். வாசலோரத் தகட்டில் பொருத்தினால் வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது மடக்கலாம். தரையில் வரைந்த வாசல் கோட்டோரம் ஒரு கட்டையை நிறுத்தி, அதில் பலகையை அடித்து முருகையாவை உட்காரச் சொன்னேன். மூன்று முறை உட்கார்ந்து எழுந்தான். ஆடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.

"பெறவென்ன, மாப்பிள்ளைக்கு ஊஞ்சல் கெட்டிக் குடுத்துட்டாரு அண்ணாச்சி. பாட்டுப் படிக்கத்தான் ஆள் இல்ல" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தோம்.

நான் செய்யாத ஒன்றைச் சொல்கிறேன். பட்டறையில் அன்று பத்துப் பேருக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு வாசல் கோட்டுக்குள் நிற்கவைத்திருந்தால், பலகை விரியாது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். கூட்டத்தில் விரிக்க முடியாத பலகை! சீசன் நேரத்துக் குற்றாலம் பஸ்ஸை நான் பார்க்காதவனா? எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிடாமல் இருந்தேன்.

முதலாளி வந்தார். கண்டக்டரே உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொண்டார் என்றேன்.

"என்னலே, சரிதானா?"

"சரிதான் மொதலாளி."

அகல ஜன்னல்கள் எனக்குக் கிடைத்தன.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனம் படிக்கட்டு வரை தொங்கியது. அந்தப் பலகை மடங்கியே கிடந்தது. முருகையா காலையிலிருந்து இருட்டும்வரை நின்றான். ஒருநாள் முதலாளியிடம் போய், காலைப் பற்றிப் பேசாமல், பலகை விரியவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறான். உன்னை உட்காரவைத்துக் கேட்டுத்தானே செய்தோம் என்றாராம் அவர். என்ன பதில் சொல்வான்? அவனுடைய பதிலை நான் முன்பே வாங்கிக் கொடுத்துவிட்டேனே!

அடுத்த வருஷம் அதே முதலாளி என் அளவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வேறொரு பட்டறையில் இரண்டாவது பஸ்ஸைக் கட்டிக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார் என்று பட்டறையில் நின்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் அடங்கிவிட்டது... யார் எதைச் சொல்வது?

வேலையை விட்டேன். ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை அந்த பஸ்ஸில் ஏறினேன். நிற்கவே இடமில்லை. பின்வாசலில் முருகையா. ஒரு காலில் துணி சுற்றியிருந்தான். அதில் மஞ்சளாக நீர் கசிந்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தான். மேலகரம் தாண்டியபோது நெருங்கி வந்து மெல்லக் கேட்டான்.

"கூட்டத்துல பலகைய விரிக்க முடியாதுன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியாது முருகையா" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. "நானும் அதான் நெனச்சேன். தெரிஞ்சா செய்வியளா" என்றவன், பக்கத்து சீட்டில் இருந்தவரைத் தொட்டான். "கொஞ்சம் எந்திரிங்க. இந்த பஸ்ஸ வரைஞ்சவுக நிக்காவ."

நான் மறுத்திருக்கலாம். உட்கார்ந்தேன்.

குற்றாலம் வரை அவன் என் தோளோடு ஒட்டி நின்றான். இறங்கும்போதும் நான் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகள்... எங்கும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்லி என்ன? கேட்டவன் அவன்.