சுமையை உதறிய பாக்டீரியாக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘ஈஸ்ட் மாமா’ என்று பெயர். கல்யாணம் காட்சி எதிலும் மாட்டாமல் ஐம்பதைத் தாண்டிய அவரை மாமா என்றழைக்க உரிமையுள்ளவள் உலகத்தில் ஒருத்திதான்: தங்கை மகள். மற்றவர்களெல்லாம் இரவல் வாங்கிக் கூப்பிட்டார்கள்.

அவருடைய உத்தியோகம் மகத்தானது. ஈஸ்டுக்குச் சொந்தமான ஒரு புரோட்டீனை, ஈஸ்டோடு ஒட்டும் உறவும் இல்லாத பாக்டீரியாவைச் செய்ய வைப்பது. அதற்கான உத்தரவு பிளாஸ்மிட் என்கிற டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். அதை பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிடுவார். அடுத்தவன் வீட்டு வேலையைச் சும்மா செய்ய பாக்டீரியா என்ன இளிச்சவாயா? ஆகவே, அது வளரும் திரவத்தில் ஆன்டிபயாடிக் கலப்பார். அந்த மருந்தைத் தாங்கும் சக்தியும் வளையத்திலேயே இருப்பதால், வளையத்தைச் சுமப்பது பிழைக்கும், உதறியது சாகும்.

தங்கை ஊருக்குக் கூப்பிடும்போதெல்லாம், “புரோட்டீன் இன்னும் வரலம்மா” என்பார். அது எப்போதோ வந்து ஃப்ரீசரில் தூங்கிக்கொண்டிருக்கும். தங்கை புருஷனின் கேலி வாயில் போய் விழுவதைவிட ஃப்ரீசர் பக்கத்தில் நிற்பது அவருக்குக் கதகதப்பாக இருந்தது.

இந்த முறை பேசியது தங்கை மகள்.

“மாமா, ஞாயித்துக்கிழமை வெளிநாட்டுக்குப் படிக்கக் கெளம்பறேன். திரும்ப எப்ப வருவேன்னு தெரியாது. அதுக்குள்ள வருவீங்களா, இல்ல போட்டோலயே பாத்துக்கட்டுமா?”

மாமா உருகிப்போனார். ஆய்வுக்கூடத் தலைவியான பேராசிரியையிடம் லீவு கேட்டார்.

“வெள்ளிக்கிழமை புரோட்டீன என் கையில குடுத்துட்டு எங்க வேணா போங்க.”

புதுச் சட்டை வாங்கினார். விசிலடித்துக்கொண்டே ஃபிளாஸ்குகளைத் தயார் செய்தார். பாக்டீரியா என்றுமில்லாத வேகத்தில் பெருகியது.

“பாத்தியாம்மா, நான் ஊருக்குப் போறது இதுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு!” என்றார் பக்கத்து மேசை மாணவியிடம்.

வெள்ளிக்கிழமை, புதுச் சட்டையோடு, புரோட்டீன்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லைச் சாயமேற்றிப் பார்த்தார். புரோட்டீன் தடித்த நீலக் கோடாகத் தெரியவேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது.

மாணவி எட்டிப் பார்த்தாள். “மாமா... ஆன்டிபயாடிக் போட்டீங்கல்ல?”

ஆன்டிபயாடிக் குழாய் சீல்கூட உடைபடாமல் ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது. மிரட்ட ஆளில்லை என்றதும் பாக்டீரியாக்கள் வளையத்தை உதறிவிட்டு, தின்று கொழுத்து, பிள்ளைகுட்டிகளோடு சௌக்கியமாக இருந்தன. ஃபிளாஸ்க் நிறையக் குடும்பம்.

தங்கைக்கு போன் செய்தார்.

“புரோட்டீன் வரலம்மா.”

“தெரியும்ணா. அது என்னிக்கு வந்துச்சு?”

“இல்லம்மா, சத்தியமா! இந்தத் தடவ நெஜமாவே வரல.”



“அப்ப இத்தன வருஷமா?”

 போனில் தங்கைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல், “மாமா வர்றாராம்மா?” என்றது. அதோடு போன் வைக்கப்பட்டது.

மாமா புதுச் சட்டையின்மேல் லேப் கோட்டை மாட்டினார். புதுத் திரவத்தை எடுத்து, முதல் வேலையாக ஆன்டிபயாடிக்கை ஊற்றினார்.