சாமி மேடையில் ஒன்பது வோல்ட்

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சிடி பிளேயர், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் முதல் தடவை ஒரு வரிகூட முழுதாகப் பாடவில்லை. அதற்குள் சுவரில் செருகியிருந்த அடாப்டரிலிருந்து புகை கிளம்பிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்திருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாம்பிராணி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். நான் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர்களுக்கு உதவியாள்.

"பாத்தியாப்பா?" என்றார் கோவில் தலைவர். டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் இன்னும் டிராக்டர்தான். "குடிச்சிட்டு வந்து கோவில்ல சண்ட போட்டவன் குடுத்தா ஆத்தா வாங்கிக்குவாளா? வேணாம்னுட்டா லா."

மச்சினன் முந்தின வருடத் திருவிழாவில் குடித்துவிட்டுக் காவடி வரும் வழியில் கைகலப்பு செய்தவன். இனிக் கோவில் வாசல் ஏறாதே என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்தான். கீழே கட்டியிருந்த வலை தாங்கியதால் தோள் எலும்போடு போயிற்று. விழுகிற நேரத்தில், பிழைத்தால் உனக்குப் பாட்டுப் பெட்டி வாங்கி வைக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டானாம். அதற்குப் பிறகு குடிக்கவில்லை என்றான். தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. கோவில் அந்த உபயத்தை ஏற்று மைக்கில் அவன் பெயரைச் சொன்னால் மறுபடி நாலு பேரோடு வரிசையில் நிற்கலாம். இல்லாவிட்டால் அவன் இந்தத் தோட்டத்துக்கு வந்து போகிற விருந்தாளிதான். அன்று அவன் அக்காள், என் மனைவி, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதது அதற்காக.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் வருத்தத்தைவிட, அது ஏன் எரிந்தது என்ற கேள்விதான் என்னை அரித்தது. கருகிய அடாப்டரைத் துடைத்துப் பார்த்தேன். நூறு வோல்ட் என்று போட்டிருந்தது. நம் சுவரில் வருவது இருநூற்று நாற்பது.

"இத எங்கடா வாங்குன?"

"ஜப்பான் சூப்பர்வைசர் ஊருக்குப் போறப்ப, பிரிக்காத புதுச வெல கொறச்சுக் குடுத்துட்டுப் போனாரு மாமா."

"நீ ஒரு தடவகூடப் போட்டுப் பாக்கலியா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "சாமிக்கு வைக்கிறத நாம மொதல்ல போட்டுக் கேட்டா எச்சில் ஆயிடாதா மாமா?"

படையல் சோற்றை ருசி பார்க்காமல் வைக்கிற வீட்டில் வளர்ந்தவன். நானும் அப்படித்தான்.

பிளேயரில் பேட்டரி போட்டு, கந்த சாமியை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். பாடியது! பாடுகிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சோறு போடுகிறவர்தான் கருகிப்போனார். ஆனால் பேட்டரியை நம்ப முடியாது. ஒரு பூசை முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பாசார் சந்தையில் வாங்கிய ஒரு மலிவு அடாப்டரை மாட்டினோம். பாட்டு வந்தது, பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சலும் வந்தது. கூரை மேல் இருந்த கூம்பு ஒலிபெருக்கி வழியாக அது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

"ஆத்தாளுக்குப் பாட்டுப் போடச் சொன்னா வண்டு விட்டுருக்கீங்க" என்று ஒரு கிழவர் சிரித்தார்.

தலைவர் சிரிக்கவில்லை. "திருவிழாவுக்குப் பழைய கேசட்டே போதும்பா. ஒம் மச்சினன எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"திருவிழா வரைக்கும் குடுங்கண்ணே. நான் வேற ஒண்ணு செஞ்சு பாக்கறேன்."

"நீயா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே, வாசலுக்கு வெளியே நின்ற மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத கை எனக்கு. மலிவு அடாப்டரை உடைத்துப் பார்த்தேன். ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், நாலு டையோடு, சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான். தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனிடம் கேட்டபோது, சுவரில் வரும் கரண்ட் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், டையோடு அதை ஒரே பக்கமாகத் திருப்பும், ஆனாலும் அது விட்டு விட்டுத்தான் வரும், அந்த விட்டு விட்டு வருவதுதான் இரைச்சல் என்றார்.

எனக்கு உடனே எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் திறந்தால் நம் வீட்டில் இளைக்கும், மூடினால் பீய்ச்சும். அதனால்தான் எல்லோரும் டிரம் வைத்திருக்கிறோம். குழாய் எப்படி வந்தாலும் டிரம்மிலிருந்து மொள்ளும் தண்ணீர் ஒரே சீராக இருக்கும். கெப்பாசிட்டர் என்பது டிரம். சுண்டு விரல் நகம் அளவு டிரம் வைத்தால் வண்டு சத்தம் கேட்கத்தானே செய்யும்? அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. சோறு வேண்டாம் என்றுவிட்டேன்.

சிரம்பானில் ரேடியோ சாமான் விற்கும் சீனத் தவுக்கேயிடம் போனேன். தேத்தண்ணி டம்ளர் அளவு கெப்பாசிட்டர் ஒன்று, ஒரு நல்ல டிரான்ஸ்பார்மர், மூன்று கால் உள்ள ரெகுலேட்டர் ஒன்று கொடுத்தார். உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே பிளேயருக்கு வேண்டிய ஒன்பது வோல்ட் மட்டும் விடுகிற காவல்காரன் அது. திருவிழா நேரத்தில் சீரியல் விளக்கு போட்டால் எங்கள் தோட்டத்து லைன் இளைத்துவிடும் என்று சொன்னதும், டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் பெரிதாக மாற்றிக் கொடுத்தார். கோவிலுக்கு என்று சொன்னபோது, கடைக்குள் சிவப்பு விளக்கு எரியும் தன் சாமி மேடையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உடைந்த ஆம்ப்ளிபையரில் கழற்றிய அலுமினியத் தகடு ஒன்றைச் சேர்த்துத் தந்தார். சீப்பு மாதிரிப் பல் பல்லாக இருந்தது. ரெகுலேட்டரை அதில் இறுக்க வேண்டுமாம். "பானாஸ், பானாஸ்" என்று சொல்லி, சூடாகிவிடும் என்பதற்கு, சூடுபட்ட விரலைக் காது மடலில் வைப்பதுபோலத் தொட்டுக் காட்டினார்.

பிஸ்கட் தகரத்துக்குள் எல்லாவற்றையும் பொருத்தினேன். மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டேன். ஈயப் பற்று வைக்க உட்காரும்போதெல்லாம் திருநீறு பூசிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதலில் ஒரு டையோடைத் திருப்பி வைத்துவிட்டு, மீட்டரில் தவறான எண் வந்தபோது அம்மன் படத்தைப் பார்த்து முறைத்தேன். அவள் மேல் என்ன குற்றம்!

சரி செய்து, வீட்டிலேயே ஒரு ஞாயிறு காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஓடவிட்டேன். எச்சில் விஷயத்துக்கு என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டபோது அவளே ஒரு வழி சொன்னாள்: "பிளேயர் சாமியோடது. தகர டப்பா ஒங்களோடது. டப்பாவத்தானே சோதிக்கிறீங்க?" பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு மௌனம் வந்தது. வண்டு இல்லை, கேசட்டில் வருகிற உஸ் சத்தமும் இல்லை. மச்சினன் காதைக் கிட்டே கொண்டுபோய், "நின்னுருச்சா மாமா?" என்று கேட்டான். அடுத்த பாட்டு தொடங்கியதும் திடுக்கிட்டு விலகினான்.

திருவிழாவின் முதல் நாள், காப்புக் கட்டும் நாள். சாமி மேடை ஓரத்தில் பெட்டியையும் என் டப்பாவையும் வைத்தோம். பாட்டு கணீரென்று எழுந்தது. "தேவலயே" என்றார் தலைவர். மச்சினன் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டான். உள்ளே வர யாரும் சொல்லவில்லை, அவனும் வரவில்லை.

அபிஷேகம் தொடங்கியபோது பாட்டு நின்றது.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். நான் சுவிச்சைத் தட்டினேன், ஒயரை ஆட்டினேன். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் தொடாமலேயே பெட்டிக்கு உயிர் வந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் மறுபடி நின்றது. கூட்டத்தில் முணுமுணுப்பு. வெளியே பார்த்தேன். மச்சினன் தன் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"எடுத்துருப்பா. ஆத்தா ரெண்டு தடவ வேணாம்னு சொல்லிட்டா. மூணாவது தடவ சொல்ல வைக்காத" என்றார் தலைவர்.

"ஒரு நிமிஷங்கண்ணே."

ஆத்தாள் ஒருவனை வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் சொல்லுவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேண்டாம் என்றவள் எதற்காகத் தானாகவே திரும்பவும் பாட விடுகிறாள்? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பகல் முழுக்க ஓடிய டப்பா. மீட்டர் வைத்தேன், லைன் சரியாக இருந்தது. அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கிறது?

குனிந்து பார்த்தேன். என் பிஸ்கட் தகரத்தின் மேல் புது மஞ்சள் துணி சுற்றி, நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம் சாத்தியிருந்தது. துணிக்கு அடியில் கை விட்டேன். சுட்டது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "யாரு போத்துனது?"

"நாந்தான். சாமி மேடையில தகர டப்பா மொட்டையா இருந்துச்சு. பாக்க நல்லாவா இருக்கு? பூவும் வச்சேன்."

"அதுக்கு மூச்சு முட்டுதுடி!"

அந்த ரெகுலேட்டர் அளவுக்கு மேல் சூடானால் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னையே நிறுத்திக்கொள்ளும், ஆறினால் தானாகத் திறக்கும். தவுக்கே விரலைக் காதில் தொட்டுக் காட்டியது அதைத்தான். துணியை உருவினேன். பூசாரியின் விசிறியை வாங்கி மூடி ஓட்டைகளில் வீசினேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் டப்பாவுக்கு உபசாரம் செய்வதாக நினைத்திருப்பார்கள். பாட்டு வந்தது. விசிறியைக் கீழே வைத்தேன். அது நிற்கவில்லை.

"சாமி துணிய அப்படி உருவலாமாப்பா?" தலைவர் முகம் சுளித்தார்.

மனைவி துணியை வாங்கி மடித்து, டப்பாவுக்கு அடியில் விரித்தாள். பூவைப் பிளேயருக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாயில ஒக்காந்துகிட்டா மரியாத கொறையுமாண்ணே?"

மஞ்சள் நீர், பால், இளநீர் எல்லாம் ஊற்றி அபிஷேகம் முடிந்தது. பாட்டு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. இடையிடையே தலைவர் அந்த டப்பாவைக் கடைக்கண்ணால் பார்ப்பதை நானும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை வெளியே நின்றிருந்த மச்சினனின் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் அவர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"இன்னிக்குப் பாட்டுப் பெட்டி உபயம்..." என்று தொடங்கி, மச்சினன் பெயரையும் அவன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். கூம்பு ஒலிபெருக்கியில் அது லயம் தாண்டி ரப்பர் காடு வரை போயிருக்கும்.

மோட்டார் சத்தம் நின்றது. அவன் குழாயடியில் வெகுநேரம் கால் கழுவினான், எத்தனை கால் இருக்கிறதோ என்று நினைக்கும் அளவுக்கு. பிறகு படியேறி ஆண்கள் வரிசையில் கடைசியாக வந்து நின்றான். தலைவர் அவனருகே போய் மூக்கை நீட்டி ஒரு முறை மோந்து பார்த்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. கைய நீட்டு" என்று சொல்லித் தீர்த்தம் ஊற்றினார்.